முதல் பெய்ட்காஸ்டிங் ராட்: கையைக் கடிக்காமல் எதை வாங்கலாம்?

கோரைப்புல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக ஸ்பின்னிங் ராடில்தான் (ரீல் அடியில் தொங்குகிற தூண்டில் கோல்) பாஸ் மீன் பிடிக்கிறேன். ஆறரை அடி, மீடியம் பவர், 10 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு. திறந்த தண்ணீரில் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரச்சினை எல்லாம் பாசியும் அல்லி இலையும் மூழ்கிய மரக்கிளையும் இருக்கிற இடங்களில்தான். போன வாரம் அல்லி இலைகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன இடைவெளியில் மென்புழுவை (மெத்தென்ற செயற்கைப் புழு) இறக்கினேன். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது, முள் இறங்க ராடை வெட்டி அடித்தேன், மீன் தலையைக் கீழே திருப்பித் தண்டுகளுக்குள் புகுந்துவிட்டது. நான் இழுக்க இழுக்க ராட்தான் பாதி வரைக்கும் வளைந்ததே தவிர மீன் ஒரு சாண்கூட மேலே வரவில்லை. கடைசியில் முள்ளில் சுற்றிக்கொண்டு ஒரு பிடி பாசி வந்தது. நல்ல மீன் அது, வால் அடித்த சத்தத்திலேயே தெரிந்தது.

அதனால் பெய்ட்காஸ்டிங்குக்கு (ரீல் ராடின் மேலே உட்காரும், வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும்) மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் கையில் இருப்பது ஒரு ராடும் ஒரு ரீலும் சுமாரான விலையில் வாங்குகிற அளவு பணம்தான், அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு வேறு வாங்கவும் முடியாது. கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. ஒன்றில் மீடியம் ஹெவி ஃபாஸ்ட் என்கிறான், பக்கத்தில் இருப்பதில் மீடியம் மாடரேட், ஒன்றில் ஐஎம்6, இன்னொன்றில் ஐஎம்8, வேறொன்றில் 24 டன், 30 டன். எண் பெரிதாக இருந்தால் நல்ல ராட் என்று கடையில் சொல்கிறார்கள். அது சரியா? ராடும் ரீலும் சேர்ந்த காம்போ எடுக்கலாமா, தனித்தனியாக எடுப்பதா? பணத்தை ராடில் போடுவதா, ரீலில் போடுவதா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

ஏரிக்கரை எழுதியது:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். 7 அடி நீளம், மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். கைப்பிடிக்குச் சற்று மேலே லூர் (செயற்கை இரை) எடை 10 முதல் 28 கிராம் என்றும் நரம்பு 12 முதல் 20 பவுண்டு என்றும் அச்சடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு ராட் என்றால் இதுதான். பாஸ் பிடிப்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

பவரையும் ஆக்‌ஷனையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது அந்த வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனியில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், அதற்குக் கீழே தடி மாதிரி விறைத்து நிற்கும். மாடரேட் என்றால் நடுப்பகுதி வரைக்கும் வளைவு இறங்கும். நீங்கள் அல்லி இலைக்குள் பார்த்தது இதைத்தான். உங்கள் ராடில் மீனைத் திருப்புகிற அளவுக்கு அடிப்பகுதியில் பலம் இல்லை. பாஸ் மீன் முள் பட்டதும் முதல் இரண்டு மூன்று நொடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மறைவுக்குள் ஓடப் பார்க்கும். அந்த இரண்டு நொடியில் தலையை நம் பக்கம் திருப்பிவிட்டால் மீன் நம்முடையது, விட்டுவிட்டால் செடியோடு மல்லுக்கட்டுவோம். இன்னொன்று, மென்புழுவில் முள்முனை உள்ளே ஒளிந்திருக்கும். அந்தத் தடித்த ஒற்றை முள் புழுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பிறகு பாஸின் எலும்புத் தாடையில் இறங்க வேண்டும். நரம்பை நிமிர்த்தி வெட்டி அடிக்கும்போது ராடின் கீழ்ப்பாதி வளைந்து அந்த வேகத்தை விழுங்கிவிடக் கூடாது.

சரி, அப்படியென்றால் இன்னும் விறைப்பான ஹெவி ராட் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், இதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) சுழலாது, நரம்பு தானாக உதிர்ந்து போகும். பெய்ட்காஸ்டரில் பறக்கிற லூர் நரம்பை இழுக்க, நரம்பு ஸ்பூலைச் சுழற்றுகிறது. லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றினால் உள்ளே நரம்பு பொங்கிச் சிக்காகிவிடும். இப்போது ராடுக்கு வாருங்கள். லூரின் எடையில் ராட் பின்னால் வளைந்து, அந்த வளைவு நிமிரும்போது லூரை ஒரே சீராகத் தள்ள வேண்டும். 28 கிராமுக்கு மேல் வீசுவதற்கென்று செய்த ஹெவி ராடில் 10 கிராம் லூரைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. வளையாத ராடை வைத்து தூரம் போக வேண்டுமென்றால் கையை உதறத்தான் தோன்றும். உதறினால் ஸ்பூல் திடீரென்று எகிறும், எகிறினால் சிக்கு. ரீல் சரியில்லை என்று பாதிப் பேர் திட்டுகிறார்கள், உண்மையில் ராடுக்கும் லூருக்கும் பொருத்தம் இல்லாததுதான் காரணம்.

அதனால் ராட் வாங்கும் முன் உங்கள் லூர் பெட்டியைத் திறந்து எதை அதிகம் வீசப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஈயத்தின் எடையை மட்டும் பார்க்காமல் முள், புழு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 5 அங்குல ஸ்டிக் வகை மென்புழு ஈயமே இல்லாமல் 10 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 7 கிராம் ஈயத்தோடு டெக்சஸ் ரிக் (முன்னால் ஈயம், முள்முனை புழுவுக்குள் ஒளிந்திருக்கும் கட்டு) கட்டினால் மொத்தம் 15 கிராமைத் தாண்டிவிடும். அச்சடித்த எடையின் இரண்டு ஓரங்களிலும் ராட் சுமாராகத்தான் வேலை செய்யும், நடுவில்தான் அதன் முழுச் சுகம். 10–28 போட்ட ராடுக்கு 14 முதல் 21 கிராம் வரை அருமையாக இருக்கும். டெக்சஸ் ரிக், ஜிக் (கனத்த தலை வைத்த முள்), ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்தது), சாட்டர்பெய்ட் (அதிரும் தகடு வைத்தது) எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அடர்த்தியான பாய் மாதிரிப் பாசியில் ஃப்ராக் என்கிற தவளை வடிவ லூரை ஓட்டுவதற்கு இது கொஞ்சம் மென்மை, ஆனாலும் சமாளிக்கலாம்.

கிராங்க்பெய்ட் (இழுத்தால் ஆடிக்கொண்டு வரும் மீன் வடிவ லூர்) மட்டும் இதில் சரிவராது. மூன்று கொக்கி முள் மெல்லிய கம்பியில் செய்தது, லேசாகத்தான் பிடித்திருக்கும். விறைப்பான ராடில் இழுத்தால் துளை பெரிதாகும், மீன் துள்ளித் தலையை உதறினால் முள் கழன்றுவிடும். அதற்கு மாடரேட் ராட்தான். இருக்கிற ராடிலேயே வீச வேண்டும் என்றால் ஃப்ளோரோகார்பன் நரம்புக்குப் பதில் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு போட்டு, டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். மோனோ இழுபடும், ராட் செய்யாத வேலையை நரம்பு ஓரளவு செய்யும்.

கடைசியாக ஒன்று. மீடியம் ஹெவி என்ற சொல்லுக்கு நிறுவனங்களுக்கு இடையில் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொரு நிறுவனத்தின் ஹெவி. அந்தச் சொல்லை நம்ப வேண்டாம், கிராம் கணக்கை நம்புங்கள்.

மீன்கொத்தி எழுதியது:

ஏரிக்கரை அண்ணன் சொன்ன ராடில் எனக்கு மறுப்பில்லை. பணத்தை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு நான் சொல்கிறேன். ரீலில் போடுங்கள். பத்தில் ஆறு பங்கு ரீலுக்கு, நான்கு பங்கு ராடுக்கு. விலை குறைந்த ராட் கொஞ்சம் கனமாக இருக்கும், நுனியில் தெரிகிற மெல்லிய தட்டல் கைக்கு வந்து சேராது, அவ்வளவுதான், மீன் பிடிக்கும். ஆனால் ஸ்பூல் வேகத்தை அடக்குகிற பிரேக் சரியில்லாத ரீல், பழகுகிறவனுக்குப் பெய்ட்காஸ்டிங்கையே வெறுக்க வைத்துவிடும். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் முதல் மாதத்திலேயே வெறுத்துப்போய் ஸ்பின்னிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்று பேருமே ரீலில் மிச்சம் பிடித்தவர்கள்.

ரீலில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. வெளியிலிருந்தே திருகிக் கூட்டிக் குறைக்கிற பிரேக் இருக்க வேண்டும். காந்த பிரேக் என்றால் பக்கத்தில் எண் போட்ட திருகு இருக்கும், பழகுவதற்கு அது வசதி. மையவிலக்கு பிரேக்கும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பல மாடல்களில் பக்க மூடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், கரையில் நின்றுகொண்டு ஈரக் கையோடு அதைச் செய்வது தொல்லை. கியர் விகிதம் (கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பது) 6.3:1 அல்லது 7.1:1, இந்த இரண்டுக்குள் எதுவானாலும் சரி. ஒரே ரீல் என்றால் நான் 7.1 எடுப்பேன், ஏனென்றால் மென்புழுவிலும் ஜிக்கிலும் மீன் நம்மை நோக்கி ஓடி வரும்போது தொய்வை வேகமாகச் சுற்றி எடுக்க வேண்டியிருக்கும். கிராங்க்பெய்ட்டை மெதுவாக ஓட்ட வேண்டுமானால் கையை மெதுவாகச் சுற்றிக்கொள்ளலாம், மெதுவான ரீலை வேகமாகச் சுற்றுவதுதான் கஷ்டம். பால்பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஐந்து பேரிங், மட்டமான பத்தை விட மேல்.

வாங்கியதும் நேராக ஏரிக்குப் போகாதீர்கள். 12 அல்லது 14 பவுண்டு மோனோ போடுங்கள். முதலிலேயே பிரெய்ட் (பின்னல் நரம்பு) போட்டால் சிக்கு விழும்போது நரம்பு தன் அடுக்குகளுக்குள்ளேயே புதைந்து இறுகிவிடும், ஃப்ளோரோகார்பனோ சிக்கு விழுந்த இடத்தில் மடிந்து அங்கேயே பலம் இழந்துவிடும். மோனோ பொறுத்துக்கொள்ளும், வெட்டி எறிந்தாலும் மனம் வலிக்காது. ஸ்பூலை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், விளிம்புக்குக் கீழே 3 மில்லிமீட்டராவது விட்டு நிறுத்துங்கள். பழகும் காலத்தில் இன்னும் குறைவாகவே போடலாம், ஸ்பூல் கனம் குறைந்தால் அது எகிறுவதும் குறையும்.

அப்புறம் முள் இல்லாத 15 கிராம் பயிற்சிக் குண்டு ஒன்றைக் கட்டுங்கள். ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, ரீலின் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் டென்ஷன் திருகை இறுக்கி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். குண்டு இறங்காது. இப்போது திருகைத் துளித்துளியாகத் தளர்த்துங்கள், குண்டு மெதுவாக இறங்கத் தொடங்கும். அது தரையைத் தொட்ட அதே நொடியில் ஸ்பூலும் நிற்க வேண்டும். தொட்ட பிறகும் ஸ்பூல் சுற்றினால் கொஞ்சம் இறுக்குங்கள். லூரை மாற்றினால் இதை மறுபடியும் செய்ய வேண்டும். பிரேக்கை முதலில் முழுசாக வைத்துக்கொண்டு, கை பழகப் பழக ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள். தூரம் போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள், பாஸ் பெரும்பாலும் பதினைந்து இருபது மீட்டருக்குள்தான் கடிக்கிறது. லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் கட்டைவிரல் ஸ்பூல் மேல் படிந்திருக்க வேண்டும். எதிர்க்காற்றில் பழகவே பழகாதீர்கள்.

இன்னும் ஒரு வழி உண்டு, எனக்கு ஒரு பெரியவர் காட்டியது. உங்களால் முடிந்த அளவு தூரம் ஒரு முறை வீசுங்கள், மேலும் பத்து மீட்டர் நரம்பைக் கையால் இழுத்து விடுங்கள், ஸ்பூலில் மீதி இருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு ஒட்டு டேப்பை ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். இனி எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் அந்த டேப்புக்குக் கீழே போகாது.

கோரைப்புல் எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. லூர் பெட்டியைத் திறந்து சமையலறைத் தராசில் வைத்து எடை போட்டேன். கண்ணால் பார்த்து நான் 7 கிராம் என்று நினைத்திருந்த ஜிக், வால் புழுவும் அதைச் சுற்றித் தொங்கும் ரப்பர் இழைப் பாவாடையும் சேர்த்தால் 17 கிராம் காட்டுகிறது. ஆனால் 4, 5 கிராம் எடையில் சின்னச் சின்ன லூர்களும் நிறைய இருக்கின்றன, அதில்தான் வெயில் நேரத்தில் எனக்கு மீன் கிடைக்கும். அதையும் இந்தப் புது ராடில் வீச முடியுமா? அப்புறம் எனக்கு வலது கைதான் பழக்கம், ஸ்பின்னிங்கில் இடது கையால்தான் சுற்றுகிறேன். பெய்ட்காஸ்டரில் வலது கைப்பிடி வாங்குவதா, இடதா? காம்போ பற்றி யாரும் சொல்லவில்லையே.

படகுத்துறை எழுதியது:

4 கிராம் லூரை இதில் வீச வேண்டாம். அதற்குத்தான் உங்களிடம் ஸ்பின்னிங் ராட் இருக்கிறதே, அதை ஏன் ஓரங்கட்ட வேண்டும்? மெல்லிய நரம்பும் லேசான லூரும் அதில், தடித்த நரம்பும் கனமான லூரும் இதில். இரண்டையும் தூக்கிக்கொண்டு போங்கள், அதுதான் முறை.

கைப்பிடி விஷயத்தில், இடது கையால் சுற்றிப் பழகியவர் இடதையே வாங்குங்கள். வலது கையால் வீசி, ராடை இடது கைக்கு மாற்றி, பிறகு வலது கையால் சுற்றுகிற பழக்கம் பழைய ஆட்களிடம் அதிகம், தவறில்லை. ஆனால் ஜிக் விழுகிற வேளையிலேயே பாஸ் வாயில் வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும், அந்த நேரம் பார்த்து ராட் கை மாறிக்கொண்டிருந்தால் கடியைத் தவற விடுவீர்கள். ஒன்று மட்டும், கைப்பிடியைப் பக்கம் மாற்றிப் பொருத்துவது ஸ்பின்னிங் ரீலில் முடியும், பெய்ட்காஸ்டரில் முடியாது. வாங்கும்போதே சரியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நீளம் 7 அடிதான் என்று பிடிவாதம் வேண்டாம். தலைக்கு மேல் மரக்கிளை தாழ்ந்து கிடக்கிற கரையிலோ சின்னப் படகில் உட்கார்ந்தோ வீசுகிறவர் என்றால் 6 அடி 8 அங்குலம் கைக்கு அடக்கமாக இருக்கும். பேருந்திலோ சின்ன வண்டியிலோ போகிறவர் என்றால் இரண்டு துண்டு ராட் எடுங்கள். இணைப்பு உள்ள ராட் மட்டம் என்ற காலம் போய்விட்டது. வீசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு தளர்கிறதா என்று நடுநடுவே முறுக்கிப் பாருங்கள், தளர்ந்த இணைப்போடு வீசினால்தான் உடையும்.

பழைய ரீல் எழுதியது:

காம்போ பற்றிக் கேட்டீர்கள். காம்போவில் ராட் பெரும்பாலும் உருப்படியாக இருக்கும், ரீலில்தான் கை வைத்திருப்பார்கள். மீன்கொத்தி சொன்ன கணக்குக்கு நேர் எதிர். ஆனாலும் பெயர் தெரிந்த நிறுவனத்தின் காம்போவில், அதே ரீல் தனியாகவும் விற்பனையில் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். காம்போவுக்கு என்றே செய்த, வேறெங்கும் தனியாகக் கிடைக்காத ரீல் என்றால் வேண்டாம்.

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பது தர வரிசை இல்லை. ஹெக்செல் என்ற நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர்கள் அவை, ராட் செய்கிறவர்கள் தங்கள் விருப்பத்துக்கு அதை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். டன் கணக்கு இழையின் விறைப்பைச் சொல்கிறது. விறைப்பு கூடினால் குறைந்த இழையில் அதே பலத்தைக் கொண்டு வரலாம், ராட் லேசாகும், கைக்குத் தகவல் நன்றாக வரும். கூடவே சுவர் மெலிந்து, ஒரு சின்ன அடிக்கே நொறுங்குகிற தன்மையும் வரும். கார் கதவில் நசுங்குவது, படகு விளிம்பில் மோதுவது, கனமான ஜிக் பறந்து வந்து ராடில் அடிப்பது, இதெல்லாம் முதல் ராடுக்கு நடந்தே தீரும். அதனால் முதல் ராடுக்கு 24 டன் போதும், தாராளமாகப் போதும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கார்பனும் ஃபைபர்கிளாஸும் கலந்தது. 1976லிருந்து வருகிற அக்லி ஸ்டிக் இந்தக் கலவைக்குத்தான் பேர் போனது. அதன் ஜிஎக்ஸ்2 வரிசையில் கைடுகள் (நரம்பு ஓடுகிற வளையங்கள்) உள் வளையமே இல்லாமல் ஒரே துண்டுத் துருப்பிடிக்காத எஃகில் இருக்கும், வளையம் கழன்று விழுகிற பேச்சே இல்லை. கனம் அதிகம்தான், மாலை வரை வீசினால் மணிக்கட்டில் தெரியும். நுனியில் புழு கல்லைத் தொடுகிறதா மரத்தைத் தொடுகிறதா என்கிற வித்தியாசமும் மங்கலாகத்தான் வரும். ஆனால் பத்து வருடம் உழைக்கும்.

கடையில் ராடைக் கையில் எடுத்தால் அவசரப்படாமல் பாருங்கள். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அடியிலிருந்து நோக்குங்கள், எல்லாக் கைடும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். 7 அடி ராடில் நுனி வளையத்தைச் சேர்க்காமல் எட்டு ஒன்பது கைடாவது இருக்கட்டும். குறைவாக இருந்தால், மீன் இழுக்கும்போது கைடுக்குக் கைடு நரம்பு நேர்கோடாக ஓடி ராடின் உடம்பை உரசும், ஏனென்றால் காஸ்டிங் ராடில் கைடு மேல் பக்கம் இருக்கிறது. ரீல் மாட்டுகிற இடத்தில் ஒரு ரீலை வைத்து இறுக்கி ஆட்டிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. பிறகு ரீலோடு சேர்த்து, ரீலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் நிறுத்துங்கள். நுனி தடாலென்று கீழே சாய்ந்தால், ஜிக்கை நாள் முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட முடியாது, கை கடுக்கும்.

ஒவ்வொரு கைடின் உள்ளேயும் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றிப் பாருங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், எனக்கு ஒரு சீசன் முழுக்க காரணமே தெரியாமல் நரம்பு அறுந்துகொண்டிருந்தது. முடிச்சு சரியில்லை என்று முடிச்சை மாற்றினேன், நரம்பை மாற்றினேன், ஐந்து நல்ல மீனை இழந்தேன். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து ராடைத் துடைக்கும்போது நுனிக்கு அடுத்த கைடில் துணியின் ஒரு இழை சிக்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பீங்கான் வளையத்தில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. நகத்தில் தட்டுப்படவே இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை, ஆனால் நரம்பை அது கத்தி மாதிரி சீவிக்கொண்டிருந்தது. வீடு திரும்பும்போது லூர் முள்ளைக் கைடு வளையத்துக்குள் மாட்டி வைக்கிற பழக்கம் எனக்கு அப்போது இருந்தது, அதனால்தான் வெடித்தது. முள் மாட்டுவதற்கென்றே கைப்பிடிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதில் மாட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மீன் காலடிக்கு வந்ததும் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தித் தூக்காதீர்கள். அப்போது முழு எடையும் மெல்லிய நுனியில் மட்டும் விழும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் படாரென்று போய்விடும். ராடைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

மீன்கொத்தி தம்பி ஆறு, நான்கு என்று பங்கு பிரித்ததில் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பழகும் முதல் வருடத்துக்கு அது சரிதான். ஆனால் ஜிக்கும் மென்புழுவும்தான் உங்கள் உயிர் என்றால், இரண்டாம் வருடத்தில் ராடின் குறை தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த மீன்பிடிப்பு முழுக்க நுனி சொல்லும் தகவலில்தான் நிற்கிறது. பாஸ் சில நேரம் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே சும்மா நிற்கும். இழுப்பே இருக்காது, இதுவரை இருந்த கனம் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அதை மந்தமான ராட் காட்டாது. ஆகவே ரீலை இப்போதே நல்லதாக வாங்கி, பணம் சேரும்போது ராடை மட்டும் மாற்றுங்கள். இப்போது வாங்குகிற ராடும் வீண் போகாது, ஸ்பின்னர்பெய்ட்டுக்கும் சாட்டர்பெய்ட்டுக்கும் கொஞ்சம் மென்மையான ராட் இன்னும் நல்லது.

கோரைப்புல் எழுதியது:

வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது, எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கடையில் மீடியம் ஹெவி என்று எழுதிய ராட் மூன்று வகை இருந்தன. ஒன்றில் 10–28 கிராம், இன்னொன்றில் 14–42, மூன்றாவதில் 7–21. ஒரே பெயர், மூன்று கணக்கு! அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் நிறம் பிடித்திருக்கிறது என்று 14–42ஐத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். 10–28இல் இரண்டு உருப்படி இருந்தது. பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு கைடாக விட்டுச் சுற்றினேன், முதல் ராடில் ஐந்தாவது கைடில் பஞ்சு பிடித்துக்கொண்டு நூல் நூலாக வந்தது. கடைக்காரரே வாங்கிப் பார்த்துவிட்டு அதைத் தனியாக எடுத்து வைத்தார். இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். 24 டன், 7 அடி, ஒரே துண்டு. ரீல் இடது கைப்பிடி, 7.1, காந்த பிரேக். பணம் கிட்டத்தட்ட மீன்கொத்தி சொன்ன விகிதத்தில்தான் பிரிந்தது.

நான்கு நாள் வெறும் தரையில் குண்டை வீசினேன். முதல் நாள் ஏழெட்டு சிக்கு. டேப் ஒட்டியது பெரிய உதவி, ஒன்றுகூட அதைத் தாண்டிப் போகவில்லை. மூன்றாவது நாளில்தான் கைக்குப் புரிந்தது. ராடைப் பின்னால் கொண்டுபோய் குண்டின் கனம் நுனியை இழுக்கிறவரை ஒரு கணம் காத்திருந்தால், முன்னால் பலம் கொடுக்கவே தேவையில்லை, ராடே தள்ளிவிடுகிறது. நான் காத்திருக்காமல் உதறிய ஒவ்வொரு முறையும் சிக்கு விழுந்தது.

நேற்று மாலை அதே அல்லி இலை இடத்துக்குப் போனேன். 10 கிராம் ஈயம், கருநீல மென்புழு, 14 பவுண்டு மோனோ. மூன்றாவது இடைவெளியில் நரம்பு நின்றுபோனது, இழுப்பு இல்லை, கனம் போய்விட்டது, அண்ணன் எழுதியிருந்த மாதிரியே. தொய்வை இரண்டு சுற்று சுற்றி வெட்டி அடித்தேன். நுனி குனிந்தது, அதற்குக் கீழே ராட் அப்படியே நின்றது. மீன் தலையைக் கவிழ்க்கப் பார்த்தது, முடியவில்லை, இலையும் தண்டுமாக மேலே வந்து வாயைத் திறந்து உதறியது. ராடைத் தாழ்த்திக் கொண்டுவந்து தாடையைப் பிடித்தேன். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டைவிரல் தோல் சொரசொரவென்று ஆகிவிட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் விட்டதும் ஒரு நொடி கைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் போனது.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பிரேக்கை இப்போது பத்தில் எட்டில் வைத்திருக்கிறேன். ஏழுக்கு எப்போது இறங்கலாம்?

மீன்கொத்தி எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி! இருபது முறை தொடர்ந்து சிக்கு விழாமல் வீசுங்கள், அப்புறம் ஏழுக்கு இறக்குங்கள். இறக்கிய அன்று காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். டென்ஷன் திருகைத் தொடாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டையும் தளர்த்தினால் எதனால் சிக்கு விழுந்தது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம், நேற்று அந்தத் தண்டுகளில் உரசிய நரம்பின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒரு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள்.